காது கேளாத பனிச்சறுக்கு வீராங்கனையின் வாழ்க்கை எப்படி இருக்கும்? சேலத்துத் தாய் ஒருவருக்கு விரிவான பதில்

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். மகளுக்கு 11 வயது, பிறவியிலிருந்தே இரண்டு காதும் கேட்காது. ஸ்கேட்டிங் வகுப்புக்குப் போகிறாள், நன்றாகவும் ஓட்டுகிறாள். காது கேளாதோருக்கான பனிச்சறுக்குப் பந்தயம் ஒன்றைக் காணொளியில் பார்த்ததிலிருந்து, பெரியவளானதும் அதற்குத்தான் போவேன் என்று சைகையில் சொல்லிக்கொண்டே இருக்கிறாளாம். அம்மாவுக்கு மூன்று சந்தேகங்கள். காது கேட்காமல் அந்த வேகத்தில் மலையிலிருந்து எப்படி இறங்குகிறார்கள்? அப்படிப்பட்டவர்களின் வாழ்க்கையும் பிழைப்பும் எப்படிப் போகும்? நம்ம மாரியப்பன் மாதிரி பாராலிம்பிக்ஸுக்கு அனுப்ப முடியுமா?

உடற்கல்வி ஆசிரியராகக் காது கேளாத பிள்ளைகளோடு பல காலம் மைதானத்தில் நின்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன். மூன்றாவது கேள்வியை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் நம் மாவட்டத்தில் இந்தக் குழப்பம் அதிகம்.

பாராலிம்பிக்ஸுக்குப் போக முடியாதும்மா. பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016இல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். பிறகு டோக்கியோவில் வெள்ளி, 2024இல் பாரிஸில் வெண்கலம். அவர் ஜெயித்ததிலிருந்து எந்தக் குறை உள்ள பிள்ளையைப் பார்த்தாலும் "பாராலிம்பிக்ஸுக்குத் தயார் பண்ணுங்க" என்று சொல்லாதவர்கள் சேலத்தில் குறைவு. நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் காது கேளாதவர்களுக்கென்று பாராலிம்பிக்ஸில் பிரிவே கிடையாது. குளிர்கால பாராலிம்பிக்ஸின் பனிச்சறுக்கில் இருப்பவை நின்று ஓட்டுவோர், உட்கார்ந்து ஓட்டுவோர், பார்வைக் குறை உள்ளோர் ஆகிய மூன்று பிரிவுகள்தான்.

காது கேளாதவர்கள் தங்களுக்கென்று தனியாக ஒரு மேடையை வைத்திருக்கிறார்கள், அது பாராலிம்பிக்ஸைவிட மூத்தது. 1924 ஆகஸ்டில் பாரிஸில் 9 நாடுகளிலிருந்து 148 பேர் கூடி முதல் போட்டியை நடத்தினார்கள். அதைத் தொடங்கி வைத்த யூஜீன் ரூபன்ஸ் அல்கே காது கேளாதவர், மெக்கானிக் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, பள்ளிகளில் சைகை மொழியே கூடாது, வாய்ப்பேச்சு மட்டும்தான் என்று தீர்மானம் போட்டிருந்தது. வகுப்பில் கையைக் கட்டச் சொன்ன அந்த உலகத்தில், இவர்கள் தங்கள் கைமொழியிலேயே பேசி, தாங்களே விதி எழுதி, தாங்களே நடுவராக நின்று ஒரு உலகப் போட்டி நடத்தினார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பக்கம் இதுதான்.

குளிர்காலப் போட்டி 1949 ஜனவரியில் ஆஸ்திரியாவின் சீஃபெல்ட் என்ற மலையூரில் தொடங்கியது. வந்தவை 5 நாடுகள், வீரர்கள் 33 பேர். 1955இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அங்கீகாரம் கொடுத்தது. இந்தப் போட்டிகளுக்கு டெஃப்லிம்பிக்ஸ் என்ற பெயர் 2001இல் வந்தது. இடையில் சில வருடம் பாராலிம்பிக் அமைப்போடு சேர்ந்தும் பார்த்தார்கள், 1995இல் விலகி வந்துவிட்டார்கள். அவர்களுக்குத் தேவை சாய்தளமும் சக்கர நாற்காலியும் இல்லை. எல்லோரும் ஒரே மொழியில் பேசிக்கொள்ளும் இடமும், தங்கள் காரியத்தைத் தாங்களே நடத்தும் உரிமையும்தான் தேவை. விலகியது சரியா தவறா என்று இன்றும் பேசுகிறார்கள். சரி என்பது என் கருத்து, அதற்குக் கொடுத்த விலை பெரியது என்றாலும். அந்த விலையைப் பிறகு சொல்கிறேன்.

தகுதி என்ன? நன்றாகக் கேட்கும் காதிலேயே 55 டெசிபலாவது இழப்பு இருக்க வேண்டும். 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்களில் எடுத்த அளவின் சராசரி அது. போட்டி வளாகத்துக்குள் நுழைந்ததும் காது மிஷினையும், அறுவை சிகிச்சையில் உள்காதில் வைக்கும் கேட்புக் கருவியான காக்ளியர் இம்பிளான்ட்டின் வெளிக்கருவியையும் கழற்றி வைத்துவிட வேண்டும். முழுதாகக் கேட்காதவரும், மிஷின் வைத்துக் கொஞ்சம் கேட்பவரும் ஒரே நிலையில் நிற்க வேண்டும் என்பதற்கான விதி. உங்கள் மகளுக்கு இம்பிளான்ட் இருந்தால், அது இல்லாமலும் ஓட்டிப் பழக வேண்டும் என்று இதற்குப் பொருள். சத்தத்தோடு பழகிய பிள்ளைக்குத் திடீரென்று அது இல்லாமல் போவது, பிறவியிலிருந்தே இல்லாத பிள்ளைக்கு இருப்பதைவிடச் சங்கடம்.

இனி முதல் கேள்வி. கேட்காமல் எப்படி இறங்குகிறார்கள்?

ஓட்டப் பந்தயத்தையோ நீச்சலையோ விட பனிச்சறுக்கு, காது கேளாதவருக்கு நியாயமான விளையாட்டு என்று துணிந்து சொல்வேன். காரணம் தொடக்கத்தில் இருக்கிறது. ஓட்டத்தில் துப்பாக்கிச் சத்தம்தான் தொடக்கம். நம் ஊர்ப் போட்டிகளில் கேட்காத பிள்ளைகள் பக்கத்து லேன் பிள்ளையின் கால் நகர்வதைப் பார்த்து, அதற்குப் பிறகு கிளம்புவதை எத்தனையோ முறை பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். ஒளி விளக்கு வைத்தால் தீரும் பிரச்சினை அது. தென்னாப்பிரிக்காவின் டெரன்ஸ் பார்கின் காது கேளாதவர். ஒளி விளக்கைப் பார்த்துக் குதித்துத்தான் 2000 சிட்னி ஒலிம்பிக்கில், கேட்பவர்கள் நடுவில், 200 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் வெள்ளி வாங்கினார்.

ஆல்பைன் பனிச்சறுக்கில், அதாவது மலைச்சரிவில் வேகமாக இறங்கும் பந்தயத்தில், ஒருவர் ஒருவராகத்தான் இறங்குவார்கள். தொடக்க வாசலில் முழங்காலுக்குக் கீழே குறுக்காக ஒரு மெல்லிய கோல் இருக்கும். வீரரின் கால் அதைத் தள்ளும் கணத்தில்தான் கடிகாரம் ஓடத் தொடங்கும், நொடியில் நூறில் ஒரு பங்கு வரை கணக்கு. டவுன்ஹில், சூப்பர்-ஜி, ஜயன்ட் ஸ்லாலம் ஆகிய பந்தய வகைகளில் குறித்த நேரத்துக்கு 5 நொடி முன்போ 5 நொடி பின்போ கிளம்பலாம். சத்தத்துக்கு எவ்வளவு வேகமாக அசைந்தார் என்பது இங்கே கணக்கிலேயே வராது. எண்ணிச் சொல்லும் குரலுக்குப் பதில் கடிகாரத் திரையோ, விளக்கோ, தொடக்க அதிகாரியின் கையசைவோ போதும். முன்னால் போனவர் விழுந்து கிடந்தால் பாதையோரம் நிற்பவர் மஞ்சள் கொடி அசைப்பார், பார்த்தவுடன் நின்றுவிட வேண்டும், பிறகு மறுபடி ஓட்ட வாய்ப்பு தருவார்கள். அதுவும் கண்ணுக்கான சமிக்ஞைதான்.

பாதை எப்படி இருக்கும் என்று கேட்டால், ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துக்கொள்ளுங்கள். அனுபவப்பட்ட பஸ் டிரைவர் வளைவு வந்த பிறகா ஸ்டியரிங்கைத் திருப்புகிறார்? முன்பே அகலமாகப் போய், வளைவின் மூக்கை ஒட்டி வந்து, வெளியேறும்போது அடுத்த வளைவுக்குத் தயாராக இருப்பார். பனிப்பாதையில் இடைவெளி விட்டு நட்டிருக்கும் கோல்களைக் கேட் என்பார்கள். ஒரு கேட்டைத் தாண்டி அடுத்த கேட்டுக்குப் போக, காலில் ஸ்கீ என்ற நீளப் பலகையைப் பூட்டிய வீரர் செய்வதும் இதுதான். நெருக்கமான வளைவுகள் கொண்ட ஸ்லாலம் பந்தயத்தில் ஒரு இறக்கத்திலேயே ஐம்பதுக்கு மேல் கேட் இருக்கும், ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஜயன்ட் ஸ்லாலத்தில் வளைவுகள் அகலம், வேகம் அதிகம். டவுன்ஹில் நேர்வேகத்துக்கானது, உலகக் கோப்பை அளவில் மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டுவார்கள். ஸ்லாலத்துக்கும் ஜயன்ட் ஸ்லாலத்துக்கும் இரண்டு முறை இறங்க வேண்டும், இரண்டு நேரத்தையும் கூட்டித்தான் முடிவு.

கேட்பவர்களுக்குச் சத்தம் சில சேதிகள் சொல்லும். ஸ்கீயின் எஃகு ஓரம் கெட்டிப் பனியைக் கவ்வுகிறதா வழுக்குகிறதா என்பதை அந்தக் கரகரப்பில் கண்டுபிடிப்பார்கள். காற்றின் இரைச்சலில் வேகத்தை எடைபோடுவார்கள். காது கேளாதவர் இதையெல்லாம் உள்ளங்காலிலும் முழங்கால் எலும்பிலும் வாங்கிக்கொள்கிறார். ஓரம் பிடி தளர்ந்தால் காலணிக்குள் ஓர் அதிர்வு வரும். சின்ன வயதிலிருந்து அதையே நம்பி வளர்ந்த கால் அதைத் தவறவிடுவதில்லை.

ஆனால் ஒரு விஷயத்தை உங்களிடம் மறைக்கக் கூடாது. காது கேட்பதற்கு மட்டும் உள்ள உறுப்பு இல்லை. உள்காதில் கேட்கும் நத்தையெலும்புக்குப் பக்கத்திலேயே உடலின் சமநிலையைக் காக்கும் அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. பிறவியிலோ, மூளைக்காய்ச்சல் போன்ற நோயாலோ ஒன்று கெடும்போது மற்றதும் கெடுவதுண்டு. காது கேளாத எல்லாப் பிள்ளைகளுக்கும் இது இல்லை, ஆனால் பலருக்கு இருக்கிறது. குழந்தையாக இருக்கும்போது தலை நிற்கத் தாமதமானதா, நடை மிகவும் தள்ளிப்போனதா, கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னால் உடனே சாய்கிறாளா என்று பாருங்கள். அப்படி இருந்தால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் சமநிலைப் பரிசோதனை கேட்டு வாங்குங்கள். இருந்தாலும் கனவு முடிந்தது என்று அர்த்தமில்லை. மூளை அந்தக் குறையைக் கண்ணாலும், தசை மூட்டுகளின் உணர்வாலும் ஈடுகட்டக் கற்றுக்கொள்ளும். பயிற்சியால் அது வலுப்படும்.

சிக்கல் வருவது கண்ணும் கைவிடும்போது. மலையில் மேகம் இறங்கிவிட்டால் வெள்ளைப் பனியும் வெள்ளை வானமும் ஒன்றாகிவிடும். மேடு எது பள்ளம் எது என்று தெரியாது. டிசம்பரில் ஏற்காட்டில் லேடீஸ் சீட் பக்கம் நின்று கீழே சேலம் தெரியாமல் முழுதும் மூடிக்கொண்ட நாளில் நடந்து பார்த்தவர்களுக்கு இது கொஞ்சம் புரியும். அந்த மாதிரி வெளிச்சத்தில் உள்காதின் சமநிலையும் சரியாக இல்லாதவர் தன் காலை மட்டும் நம்பி இறங்க வேண்டியிருக்கிறது. இதற்கென்றே மூடுபனியில், வேகத்தைக் குறைத்து, தனிப்பயிற்சி எடுக்கும் வீரர்கள் உண்டு. காது கேளாமையின் நிஜமான விளையாட்டுச் சுமை என்றால் இதைத்தான் சொல்வேன்.

மற்றபடி அவர்களுடைய கஷ்டமெல்லாம் தொடக்க வாசலுக்கு மேலேயும் முடிவுக் கோட்டுக்குக் கீழேயும்தான். நீங்கள் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டீர்களே, அது இங்கேதான் இருக்கிறது.

பனிச்சறுக்கு நாடுகளில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் முன்பே ஸ்கீயில் நிற்கிறார்கள். காது கேளாத பிள்ளையும் பெரும்பாலும் கேட்கும் பிள்ளைகளின் உள்ளூர் கிளப்பில்தான் சேர்கிறது, ஏனென்றால் ஒரு மலைக்கிராமத்தில் அவளைப் போல இன்னொரு பிள்ளை இருப்பது அபூர்வம். பனி இறுகி இருக்கும் விடியற்காலையில் எழுந்து மலையேறுவார்கள். மேலே போகக் கம்பியில் தொங்கி நகரும் இழுவை நாற்காலியில் பத்து நிமிடம் இருவர் இருவராக உட்கார வேண்டும். கேட்கும் பிள்ளைகளின் சிநேகமெல்லாம் அந்த நாற்காலியில்தான் வளர்கிறது. இவளுக்கோ பக்கத்தில் இருப்பவளின் கண்ணைக் கண்ணாடி மறைத்திருக்கிறது, வாயைக் கழுத்துத் துணி மூடியிருக்கிறது, உதட்டைப் படிக்க வழியில்லை. தன் கையில் தடித்த உறை, கழற்றினால் விரல் விறைத்துவிடும். ஒரு நாளில் பத்துப் பதினைந்து முறை அந்தப் பயணம். பந்தயத்தில் விழுந்த வலியைவிட இந்த மௌனப் பயணம் அதிகமாக வலிக்கும் என்று நினைக்கிறேன்.

பயிற்சியிலும் அப்படித்தான். பாதையின் நடுவில் நிற்கும் பயிற்சியாளர் "நாலாவது கேட்டுக்குப் பின்னால் பனி உடைஞ்சிருக்கு, கொஞ்சம் மேலேயே திரும்பு" என்று ரேடியோவில் மேலே சொல்வார். வாசலில் நிற்கும் எல்லோருக்கும் அந்தச் சேதி போய்ச் சேரும், இவளைத் தவிர. யாராவது நினைவாக எழுதிக் காட்டினாலோ சைகையில் சொன்னாலோதான் உண்டு. மதியம் காணொளி போட்டுத் தப்புத் திருத்தும்போது மற்ற பிள்ளைகள் திரையைப் பார்த்துக்கொண்டே பயிற்சியாளர் சொல்வதைக் கேட்பார்கள். இவள் திரையைப் பார்த்தால் முகத்தைப் பார்க்க முடியாது, முகத்தைப் பார்த்தால் திரை போய்விடும். காணொளியை நிறுத்தி, சொல்லி, மறுபடி ஓடவிடும் பொறுமை உள்ள பயிற்சியாளர் வாய்த்தால் அவளுக்கு எதிர்காலம் இருக்கிறது. திறமை இருந்தும் காணாமல் போகும் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் கைவிடப்படுகிறார்கள். கால் பலவீனத்தால் போனவர்கள் குறைவு.

இதற்கு நேரெதிரான ஓர் அனுபவமும் அவர்களுக்கு உண்டு. காது கேளாதோர் தேசிய அணியில் முதன்முதலாகச் சேரும்போது எல்லாம் தலைகீழாகிறது. பந்தயத்துக்கு முன் பாதையைப் பார்த்து மனப்பாடம் செய்யும் நேரத்தில், கேட்கும் வீரர்களும் கண்ணை மூடிக் கையை வளைத்து வளைத்து ஒவ்வொரு கேட்டையும் ஒத்திகை பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். சைகை மொழிக்காரர்களுக்கு அது பிறந்த வீட்டு வேலை. சரிவு எவ்வளவு, வளைவு எந்தப் பக்கம், எங்கே தூக்கிப் போடும் என்பதைக் கையால் காற்றில் வரைந்தே காட்டிவிடுவார்கள். கீழே இறங்கி முடித்தவர் தூரத்திலிருந்தே மேலே நிற்பவருக்குச் சேதி சொல்ல முடியும், ரேடியோ வேண்டாம், கத்தவும் வேண்டாம். மூடிய கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் பேசலாம். அணியில் இருக்கும் அந்த இரண்டு வாரம்தான் அவர்களுக்கு முழு உலகம். இரவுச் சாப்பாட்டு மேஜையில் வெவ்வேறு நாட்டுக்காரர்கள் சர்வதேச சைகையில் விடிய விடியப் பேசுவார்கள். 1995இல் விலகி வந்ததை நான் ஆதரிப்பதற்குக் காரணம் அந்த மேஜைதான்.

வாழ்க்கைப் பாதை எப்படி நகர்கிறது என்றால், பதினாறு வயது வாக்கில் சர்வதேச ஸ்கீ சம்மேளனத்தின் உரிமம் எடுத்துத் திறந்த போட்டிகளில், கேட்பவர்களோடு, இறங்கத் தொடங்குவார்கள். இங்கே ஒரு புள்ளிமுறை உண்டு. புள்ளி குறையக் குறைய நல்லது, முன்னதாக இறங்கலாம். புள்ளி அதிகமானவர்கள் கடைசியில் இறங்க வேண்டும். அதற்குள் முன்னால் போன ஐம்பது அறுபது பேரின் ஸ்கீ உழுது பாதை பள்ளமும் மேடுமாகிவிடும். ஏணியின் அடியில் நிற்பவருக்குத்தான் கரடுமுரடான பாதை. அதில் ஓட்டியே மேலே வர வேண்டும். காது கேளாத வீரர்களில் திறமைசாலிகள் இந்த ஏணியிலும் ஏறிக்கொண்டே, நாலு வருடத்துக்கு ஒரு முறை டெஃப்லிம்பிக்ஸுக்கும், இடையில் காது கேளாதோர் உலகச் சாம்பியன்ஷிப்புக்கும் போவார்கள். 2015, 2019 போட்டிகளில் தங்கம் வென்ற செக் நாட்டு வீராங்கனை தெரேசா க்மோகோவாவின் பெயரைத் தேடிப் பாருங்கள், மகளுக்குக் காட்டலாம்.

விலையைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. பாராலிம்பிக்ஸ், ஒலிம்பிக்ஸ் நடக்கும் அதே ஊரில், அதே தளத்தில், சில நாளில் தொடர்ந்து வருகிறது. டெஃப்லிம்பிக்ஸுக்குத் தனி ஊர், தனி நிதி வேண்டும். 2007இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் நடந்ததற்குப் பிறகு 2011 பிப்ரவரியில் ஸ்லோவாக்கியாவின் தாத்ரா மலையில் நடக்க வேண்டியது, தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது ரத்தானது. ஏற்பாடே ஆகவில்லை, பணமும் இல்லை. அடுத்தது நடந்தது 2015இல், ரஷ்யாவில். 2007இல் 19 வயதில் முதன்முதலாக இறங்கிய ஒரு பெண்ணுக்கு அடுத்த வாய்ப்பு வரும்போது 27 வயது. அந்த எட்டு வருடத்தில் எத்தனை பேர் கல்யாணம், வேலை, முழங்கால் காயம் என்று விட்டுப் போயிருப்பார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறவில்லை. பிறகு 2019 டிசம்பரில் இத்தாலியின் சோந்திரியோ பகுதியில் நடந்தது, பனிச்சறுக்கு சாந்தா கதரினா மலையில். அதற்கு அடுத்தது 2024 மார்ச்சில் துருக்கியின் எர்ஸுரூமில்.

பணம் விஷயத்தில் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். இதில் சம்பாதித்து வாழ்கிறவர்கள் மிகவும் குறைவு. பெரும்பாலோர் வேறு வேலை பார்த்துக்கொண்டு, விடுப்பு எடுத்துப் பந்தயத்துக்கு வருகிறார்கள். செலவோ சின்னதில்லை. ஸ்லாலத்துக்கு ஒரு ஸ்கீ, பெண்களுக்கு 155 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஜயன்ட் ஸ்லாலத்துக்கு 188. வேகப் பந்தயங்களுக்கு இன்னும் நீளம். ஒவ்வொன்றுக்கும் ஓரம் தீட்ட வேண்டும், அடியில் மெழுகு பூச வேண்டும். பெரிய அணிகளில் அதற்கென்று ஆள் இருப்பார், இவர்கள் ராத்திரி உட்கார்ந்து தாங்களே தீட்டிக்கொள்வார்கள். ஆனாலும் இந்த விளையாட்டில் முப்பது வயதைத் தாண்டியும் நீடிக்க முடிகிறது, பிறகு பயிற்சியாளராக மாறுகிறார்கள். தான் ஏங்கிய பயிற்சியாளராகத் தானே ஆவதைவிடப் பெரிய தொழில் எனக்குத் தெரியவில்லை.

நம் நாட்டுப் பக்கம் வருவோம். இந்தியாவில் பனிச்சறுக்கே சின்ன உலகம். குல்மர்க், அவுலி, மணாலிக்குப் பக்கம் சோலாங் என்று சில இடங்கள்தான். காஷ்மீரின் ஆரிஃப் கான் 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜயன்ட் ஸ்லாலத்தில் 45ஆவதாக வந்தார். அந்தப் போட்டிக்கு இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர் அவர். மணாலியின் ஆஞ்சல் தாக்கூர் 2018இல் சர்வதேசப் போட்டியில் வெண்கலம் வாங்கினார், ஸ்கீயிங்கில் இந்தியாவின் முதல் சர்வதேசப் பதக்கம் அது. வாங்கிய இடம் எர்ஸுரூமின் பலாந்தோக்கென் மலை.

டெஃப்லிம்பிக்ஸில் நமக்குப் பெயர் வாங்கித் தந்தவை கோடைக்கால விளையாட்டுகள். 2022 மே மாதம் பிரேசிலின் காஷியாஸ் தோ சூலில் நடந்த போட்டியில் இந்தியா 16 பதக்கம் வாங்கியது, அதில் 8 தங்கம். மதுரையின் ஜெர்லின் அனிகா பேட்மிண்டனில் மட்டும் 3 தங்கத்தோடு வந்தார், அர்ஜுனா விருதும் கிடைத்தது. தமிழ்நாட்டுக் காது கேளாத பிள்ளைக்கு உலக மேடை எட்டாத தூரமில்லை என்பதற்கு அவர் போதும். ஆகவே பனிச்சறுக்கை மட்டுமே பிடித்துக்கொள்ளாமல், இன்னொரு விளையாட்டையும் கூடவே வளர்க்கச் சொல்வேன். பிள்ளையின் ஆசையை அணைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. பனி வருடத்தில் சில வாரம்தான் அவளுக்குக் கிடைக்கும், உடம்பு வருடம் முழுக்க வேலை கேட்கும்.

சேலத்திலிருந்து செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அவள் ஏற்கெனவே ஓட்டும் ஸ்கேட்டிங்கில், சக்கரங்கள் ஒரே வரிசையில் இருக்கும் இன்லைன் வகைதான் ஸ்கீக்கு மிக நெருக்கமான பழக்கம். எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுவது, ஓரத்தில் சாய்வது, இடுப்பை அடக்கித் தோளைப் பள்ளத்தைப் பார்த்து வைப்பது எல்லாம் அப்படியே உதவும். இன்லைன் ஆல்பைன் என்று ஒரு பிரிவே உண்டு: சரிவான தார்ச்சாலையில் கேட் நட்டு, ஸ்கேட்டில் ஸ்லாலம் இறங்குவது. ஐரோப்பாவில் ஸ்கீ பிள்ளைகள் கோடையில் இதை ஓட்டுகிறார்கள். பயிற்சியாளரிடம் சொல்லி, வாகனம் வராத, மூடிய, லேசான சரிவில் கூம்பு வைத்துப் பழகச் சொல்லுங்கள். தலைக்கவசம், முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக் காப்பு இல்லாமல் ஒரு முறைகூடக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. ஏற்காடு மலைப்பாதையில் மட்டும் ஸ்கேட்டோடு இறக்கிவிடாதீர்கள். அடிவாரத்திலிருந்து போகும் பாதையானாலும் குப்பனூர் வழியானாலும் சரி. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துத்தான் வண்டிகள் வருகின்றன, அவளுக்கு அது கேட்காது. ஏற்காட்டை வேறு வகையில் பயன்படுத்தலாம். சுமார் 1,500 மீட்டர் உயரம், குளிர்ந்த காற்று, ஏற்றம். விடுமுறை நாளில் சேர்வராயன் கோயில் மேட்டுக்கு நடக்க வையுங்கள், காப்பித் தோட்டத்துக்குள் மேடு பள்ளமான தடங்களில் ஓட வையுங்கள். சமமில்லாத தரையில் ஓடும் கணுக்கால்தான் பிறகு ஸ்கீயில் நிற்கும். சேலத்தில் காந்தி ஸ்டேடியத்தில் தொடை வலுவுக்கான பயிற்சி வாரம் மூன்று நாள் இருந்தால் போதும்.

நிஜப் பனிக்கு 14, 15 வயதில் ஒரு முறை அனுப்பிப் பாருங்கள். குல்மர்க்கிலும் மணாலியிலும் அரசு நிறுவனங்கள் குறைந்த கட்டணத்தில் ஆரம்பப் பயிற்சி முகாம் நடத்துகின்றன. வயது வரம்பும் மருத்துவச் சான்றும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். நம் சேலம் ஜங்ஷனில் நின்று வைஷ்ணவி தேவி கட்ரா வரை போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வாரம் ஒரு முறை உண்டு, நீளப் பயணம்தான். முகாமில் சேர்க்கும்போது பிள்ளை காது கேளாதவள் என்பதை மறைத்துச் சேர்க்காதீர்கள். பயிற்சியாளரோடு நான்கு சைகையை முதல் நாளே ஒப்பந்தம் செய்துகொள்ளச் சொல்லுங்கள்: நில், மெதுவாக, என்னைப் பார், ஆபத்து. மஞ்சள் கொடி ஒன்றைப் பையில் போட்டு அனுப்பினாலும் தப்பில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் நீங்களும் அவள் அப்பாவும் சைகை மொழியை நன்றாகக் கற்றுக்கொள்ள வேண்டும். "சாப்டியா, தூங்கு" அளவுக்கு மட்டும் வீட்டுச் சைகை இருந்தால், தோற்றுப்போய் வரும் நாளில் அவளால் உங்களிடம் பேச முடியாது. இம்பிளான்ட் இருந்தாலும் இதே பதில்தான். இவ்வளவு பெரிய ஆசையைச் சுமக்கும் பிள்ளைக்கு, அதை முழு வாக்கியத்தில் சொல்ல வீட்டில் ஆள் வேண்டும்.

காகித வேலையை இந்த மாதமே தொடங்கிவிடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை இல்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். எவ்வளவு கேட்கிறது என்று அளந்து காட்டும் ஆடியோகிராம் புதிதாக எடுத்து, மிஷின் இல்லாமல் எடுத்தது என்றும், இரண்டு காதுக்கும் 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் அளவு தனித்தனியாகவும் எழுதி வாங்குங்கள். காது கேளாதோர் மாநில விளையாட்டுப் போட்டிகளில் எந்த ஓட்டப்பிரிவிலாவது இந்த வருடமே அவளை இறக்குங்கள். தேசிய அளவில் காது கேளாத வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் அகில இந்திய காது கேளாதோர் விளையாட்டுக் கழகத்தின் கண்ணில் படுவதற்கு அந்த வழிதான் இருக்கிறது. தன்னைப் போல நூறு பிள்ளைகள் கையால் பேசிக்கொண்டு நிற்பதை அவள் முதன்முதலாகப் பார்ப்பதும் அங்கேதான்.